ஹைடனின் சிறு ஆர்கன் திருப்பலியா, மோட்சார்ட்டின் முடிசூட்டுத் திருப்பலியா?

கத்தோலிக்கத் திருப்பலி வழிபாட்டில் பாடுவதற்காக இரு இசையமைப்பாளர்கள் எழுதிய இவ்விரு இசைப்படைப்புகளில் எதைப் பாடுவது எனத் தயங்கும் பாடகர் குழு முதலில் செலவைக் கணக்கிட வேண்டும்.

செலவு: ஹைடனுக்கு வயலின்கள், தாழ்சுரக் கருவி, ஆர்கன், ஒரு சோப்ரானோ (உச்சசுரப் பெண்குரல்) தனிக்குரல் போதும். மோட்சார்ட் 1779-இல் சால்ஸ்பர்க்கில் எழுதிய படைப்போ ஓபோ, ஹார்ன், டிரம்பெட், டிம்பனி ஆகியவற்றோடு நான்கு தனிப்பாடகர்களையும் கேட்கிறது.

நேரம்: முன்னது ஏறத்தாழக் கால் மணி, பின்னது அரை மணிக்குச் சற்றுக் குறைவு.

சொல் தெளிவு: ஹைடனின் வானவர் கீதத்தில் (குளோரியா என்னும் புகழ்ப்பாடல்) நான்கு குரல்களும் ஒரே வேளையில் வெவ்வேறு வரிகளைப் பாடுவதால், பாடல் விரைந்து முடிந்தாலும் சொற்கள் காதில் தங்குவதில்லை, ஆனால் சோப்ரானோவும் ஆர்கனும் இணைந்து ஒலிக்கும் பெனடிக்டுஸ் (‘ஆண்டவர் பெயரால் வருபவர் ஆசி பெற்றவர்’ எனும் பாடல்) பகுதியின் கனிவு அக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது என்றே கருதுகிறேன்.

சிறிய பங்கு ஆலயத்தின் ஞாயிறு வழிபாட்டுக்கு ஹைடன் பொருந்தும். இசைக்குழுவை அமர்த்த வசதியுள்ள பேராலயம் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மோட்சார்ட்டையே தேர்ந்தெடுக்கலாம்.