450 பவுண்டுக்கு யாரோ ஒருவரின் ஓட்டன்

என் மாமனார் ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்துக்காரர். சென்ற ஆண்டு அவருக்கு எண்பது நிறைந்தது. நம் ஊராக இருந்தால் சதாபிஷேகம் செய்து கலசநீர் ஊற்றியிருப்போம். இங்கே அதற்கு ஈடாக என்ன செய்வது என்று யோசித்து, வம்சாவளியைத் தேடித் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் 450 பவுண்ட் கொடுத்தோம். ஆறு வாரத்தில் தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்று வந்தது. கூடவே, கண்ணாடிச் சட்டம் போட்ட ‘உங்கள் குடும்பச் சின்னம்’.

அந்தச் சின்னத்தைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் ஒரு குடும்பப் பெயர் முழுவதற்கும் பொதுவான கேடயச் சின்னம் என்று எதுவும் கிடையாது. அது தனி ஆளுக்கு உரியது; இத்தகைய சின்னங்களுக்கென்றே உள்ள லார்டு லயன் நீதிமன்றம் வழங்குவது. அடுத்தவர் சின்னத்தைத் தமதென்று காட்டிக்கொள்வது இங்கே சட்டப்படி குற்றம். இது தெரியாமல் நாங்கள் அதைக் கூடத்தில் மாட்டி, கேக் வெட்டி, படமும் எடுத்துக்கொண்டோம்.

புத்தகத்தின்படி மாமாவின் ஓட்டன், அதாவது பாட்டனின் பாட்டன், 1821இல் ஃபார்ஃபர் ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய பெற்றோரின் கல்லறை அங்கேயே இருக்கிறது என்று படமும் போட்டிருந்தார்கள். மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பூங்கொத்து வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார்.

புத்தகம் முழுவதும் தட்டச்சு செய்த பெயர்களும் ஆண்டுகளும்தான். ஒரு பதிவேட்டின் நகல்கூட இல்லை. ஓட்டனின் இறப்புப் பதிவு பழைய கையெழுத்தில் இருந்தால் சட்டம் போட்டுக் கொடுக்கலாமே என்ற ஆசையில், ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ தளத்தில் நானே பதிவு செய்துகொண்டேன். பெயர்ப்பட்டியலைத் தேடக் கட்டணம் இல்லை. நகல் ஒன்றுக்கு ஒன்றரை பவுண்ட் கொடுத்தேன். 1878ஆம் ஆண்டுப் பதிவு திரையில் வந்தது.

தாயின் பெயர் வேறு.

1855 ஜனவரி முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் அரசே பதிவு செய்கிறது. இறப்புப் பதிவிலேயே இறந்தவரின் தகப்பன் பெயர், தாய் பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் மூன்றும் இருக்கும். தேடுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? புத்தகத்தில் இருந்த தாய் ஒருத்தி, இந்தப் பதிவில் இருந்த தாய் இன்னொருத்தி. தகவல் கொடுத்தவர் இறந்தவரின் மகன். பாட்டியின் பெயரை அவர் தவறாகச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன்.

தவறு நடந்த இடம் அங்கேதான் பிடிபட்டது. 1841 கணக்கெடுப்பில் ஓட்டனின் வயது 20 என்று இருக்கிறது. அதில் 20ஐக் கழித்து 1821 என்று முடிவு கட்டிவிட்டார் நம் நிபுணர். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 20 என்றால் 20 முதல் 24 வரை எதுவாகவும் இருக்கலாம். பிறந்த ஊரும் அதில் கிடையாது. அந்த மாவட்டத்தில் பிறந்தவரா, இல்லையா என்பது மட்டும்தான். ஒரே பெயரில் மாவட்டத்துக்குள் பத்துப் பேர் இருந்தால் எவரையும் பிடித்து ஒட்டிவிடலாம். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் என்று நம் வீடுகளைப் போலவே வைக்கிற வழக்கம் இவர்களிடமும் உண்டு. அதனால் பங்காளிகள் பலருக்கு ஒரே பெயர்தான்.

1851 கணக்கெடுப்பில் பிறந்த திருச்சபை வட்டாரமும் எழுதப்பட்டிருக்கிறது. டண்டியில் இருந்த நம் ஓட்டனுக்கு வயது 33, பிறந்தது கிரிமூர். கணக்கெடுத்த அதே இரவில் ஃபார்ஃபரில் இன்னொருவர், அதே பெயர், பெற்றோருடன் ஒரே வீட்டில், நெசவுத் தறியோடு. அவர்தான் 1821இல் ஞானஸ்நானம் பெற்ற ஆள். இரண்டு ஊர்களில் இரண்டு பேர். நம் ஓட்டனின் மகள் ஒருத்திக்கு நடுப்பெயராக இருந்ததும் இறப்புப் பதிவில் கண்ட அந்தப் பாட்டியின் குடும்பப் பெயரே. இதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஓட்டனுக்கு மேலே புத்தகத்தில் இருந்த நான்கு தலைமுறையும் பிறத்தியாருடையது.

அந்த நிபுணருக்கு எழுதிக் கேட்டேன். ‘கிடைத்த ஆதாரங்களின் அடிப்படையில்’ தயாரித்ததாகவும், பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்றும் பதில் வந்தது. எந்த ஆதாரம் என்று மறுபடி கேட்டேன். இணையத்தில் யார் யாரோ போட்டுவைத்த வம்சாவளிகளின் சுட்டிகளை அனுப்பினார். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை.

இதே வேலையை யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு பெயருக்கும் பதிவேட்டின் நகலைத் தருவாரா என்று முன்பணத்துக்கு முன்பே கேளுங்கள். 1855க்கு முந்தைய பழைய திருச்சபைப் பதிவேடுகளில் ஒரு பெயரைக் கண்டுபிடித்தேன் என்று மட்டும் சொன்னால் நம்பாதீர்கள். அவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகள். அதிலிருந்து பிரிந்துபோன சபையினர் பலரின் குழந்தைகள் அவற்றில் இல்லை. கிரிமூர் போன்ற நெசவாளர் ஊர்களில் அப்படிப் பிரிந்தவர்கள் ஏராளம். நம் ஓட்டனின் ஞானஸ்நானம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ‘கிடைக்கவில்லை’ என்று எழுதத் தெரியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். திருச்சபை மூப்பர் அவையின் குறிப்பேடுகளை அதே தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். இரவில் தூக்கம் வராதபோது அவற்றைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்; கள்ள உறவும் குடியும் ஓய்வுநாளை மீறியதும் என்று விசாரணைகள் படிக்கப் படிக்கத் தீராது.

மாமாவிடம் சொல்லத் தயங்கினேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சின்னத்தைக் கழற்றிவிட்டு அந்தச் சட்டத்துக்குள் 1878ஆம் ஆண்டு நகலை வைத்தார். “ஃபார்ஃபரில் வைத்த பூ போனால் போகட்டும், பெண்ணே. அவர்களைப் பார்க்க வேறு யார் வந்திருக்கப் போகிறார்கள்” என்றார்.