விண்மீன் ஓட்டம்: படமா, நிறமாலையா?

வைத்திருக்கும் தொலைநோக்கியில் விண்மீன் நகர்வை அளக்க இரண்டு வழி. படம் பக்கவாட்டு நகர்வைக் காட்டும். நிறமாலை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டை, விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்று சொல்லும்.

செலவு: படத்துக்கு இருக்கும் கேமராவே போதும். பிளவு வைத்த நிறமாலைமானிக்குப் பல ஆயிரம் வெள்ளி. மலிவான கீற்றணி வடிகட்டியை (நுண்கோடுகளால் ஒளியைப் பிரிக்கும் கண்ணாடி) நம்பாதீர்கள், நெருங்கிய நிறங்களைப் பிரித்துக் காட்டும் அதன் பகுதிறன் இதற்குப் பற்றாது.

காலம்: படத்துக்கு ஓராண்டு. நிறமாலைக்கு ஒரே இரவு.

படத்துக்கு பர்னார்டு விண்மீன். ஜூன், ஜூலை நள்ளிரவில் சிங்கப்பூரில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் தாழ்வாரத்திலிருந்து தெரியாது, பலமாடி கார்ப்பேட்டையின் மேல்தளம் வேண்டும். ஆண்டுக்கு 10.3 வில்விநாடி (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) நகர்வு. 1,000 மி.மீ. குவியத்தூரம், 3.76 மைக்ரான் பிக்சல் என்றால் சுமார் 13 பிக்சல். அடுத்த ஆண்டும் அதே வாரத்தில் எடுங்கள். இல்லாவிட்டால் பூமியின் சுற்றால் வரும் இடமாறு தோற்றம் கணக்கில் கலந்துவிடும். துருவ விண்மீன் இங்கே தொடுவானத்தை ஒட்டியே கிடப்பதால், தொலைநோக்கித் தாங்கியை நகர்வு முறையில், அதாவது ஒரு விண்மீன் விலகிப்போவதைப் பார்த்துத் திருத்தும் முறையில், சீரமைக்கவும்.

நிறமாலைக்கு ரோகிணி. நொடிக்கு 54 கி.மீ. விலகுகிறது, 656.28 நானோமீட்டர் ஹைட்ரஜன் கோடு 0.12 நானோமீட்டர்தான் சிவப்புப் பக்கம் தள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னும் பின்னும் ஒப்பிட நியான் விளக்கின் கோடுகளைப் பதியுங்கள், கருவி சற்று வளைந்தாலே கோடு நகர்ந்துவிடும். பூமியின் வேகத்தைக் கழிக்க மறந்தால் பிழை நொடிக்கு 30 கி.மீ. வரை போகும். ரோகிணி உயரும் டிசம்பரில் மழையும் கொட்டும், அது தனித் தலைவலி.

பொறுமை இருந்தால் படம், பணம் இருந்தால் நிறமாலை. விண்மீனின் முழு வேகம் வேண்டுமென்றால் இரண்டோடு தூரமும் தேவை.