இவ்வளவு இருந்தும் ஒரு முள்வாங்கி இல்லை

மல்டிடூல் என்ற பெயரில் கால் கிலோ எஃகு இடுப்பில் தொங்குகிறது. அதில் பிளேயர் இருக்கிறது, இரண்டு கத்தி இருக்கிறது, ரம்பம், அரம், கத்தரிக்கோல், டப்பா திறப்பான், திருப்புளிகள் எல்லாம் இருக்கின்றன. ஓரத்தில் அளவுகோல்கூடப் பொறித்திருக்கிறார்கள். குதிகாலில் சீமைக்கருவேல முள் ஏறினால் எடுக்க மட்டும் அதில் ஒன்றும் இல்லை. ராமநாதபுரம் பக்கம் காடுகரையில் சோலார் பம்பு மாட்டிக்கொண்டு திரிகிறவனுக்கு இதைவிடப் பெரிய குறை என்ன வேண்டும்?

எத்தனை கருவி, என்ன எஃகு, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கும். அதை விட்டுவிடுகிறேன். நான் சில வருடங்களாக இரண்டு கருவிகளைச் சேர்த்தே சுமக்கிறேன். பெல்ட்டில் மல்டிடூல். அதன் கம்பெனிப் பெயர் வேண்டாம், காரணம் கீழே வரும். சட்டைப் பையில் விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன் என்ற சுவிஸ் மடக்குக் கத்தி, சிவப்புக் கைப்பிடி, மடக்கினால் 91 மில்லிமீட்டர், எடை 60 கிராம் போல.

முள் விஷயத்துக்கு வருகிறேன். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைச் சாதாரணமாகத் துளைக்கும், பைக் டயரையே விடாது. சதைக்குள் போனால் நுனி ஒடிந்து உள்ளே தங்கிவிடும், மறுநாள் வீங்கும். மல்டிடூலின் பிளேயர் மூக்கு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இதற்குப் பெரிது. வெளியே தெரிகிற கொஞ்சத்தைப் பிடிக்கப் போனால் நசுக்கி விட்டுவிடும், அப்புறம் பிடிக்க ஒன்றுமே இருக்காது. ஸ்பார்ட்டனின் கைப்பிடி ஓரத்தில் நகத்தால் தள்ளினால் வெளியே வருகிற சின்ன முள்வாங்கி இந்த வேலையை அலட்டிக்கொள்ளாமல் செய்யும். முள் எந்தச் சாய்வில் போனதோ அதே சாய்வில் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். இழுத்த பிறகும் நுனி உள்ளே இருப்பது தெரிந்தால், அதுவும் மூட்டுக்குப் பக்கத்தில் என்றால், கத்தியால் கிளறிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். முள்வாங்கியின் இரண்டு நுனியும் சரியாகச் சந்திக்கவில்லை என்றால் சாணைக்கல்லில் லேசாக இரண்டு இழுப்பு போதும்.

நம் ஊர்ப் பெரியவர்கள் இதை எப்போதோ தெரிந்துவைத்திருந்தார்கள். அரைஞாண் கயிற்றில் ஒரு வளையம், அதில் முள்வாங்கியும் காது குடைகிற குறும்பிவாங்கியும், மடியில் சுருக்குப்பை, அதற்குள் பாக்குவெட்டி. தினமும் தேவைப்படுவது எதுவோ அதைத்தான் உடம்போடு வைத்திருந்தார்கள். பிளேயர் வேண்டுமென்றால் ஆசாரி வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு எச்சரிக்கை. கடன் கொடுத்தால் கத்தி திரும்பி வரும், முள்வாங்கி வராது. நல்லவேளை, அது தனியாகவே கிடைக்கிறது. இரண்டு அளவு உண்டு. 91 மில்லிமீட்டர் கத்திக்குப் பெரிய அளவைத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று: இதே கம்பெனியில் அலுமினியக் கைப்பிடி போட்ட பயனியர், கேடட் வகைகளைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும், கையில் பிடிக்கவும் உறுதியாக இருக்கும். ஆனால் அந்த மெல்லிய தகட்டில் பல்குத்திக்கும் முள்வாங்கிக்கும் இடமே கிடையாது. அழகில் மயங்கி வாங்கிவிட்டு என்னிடம் வந்து கேட்காதீர்கள்.

சரி, மல்டிடூலுக்கும் நியாயம் பேச வேண்டும். அது என்னைக் காப்பாற்றிய கணக்கு பெரிது. பேனல் தாங்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு மறு கையால் கேபிள் டையை வெட்ட வேண்டியிருக்கும்போது, ஒரு கையிலேயே திறந்து தானே பூட்டிக்கொள்கிற கத்தி எவ்வளவு பெரிய வரம் என்பது மேலே ஏறியவனுக்குத்தான் தெரியும். ஸ்பார்ட்டனைத் திறக்க இரண்டு கையும் நகமும் வேண்டும். பூட்டு கிடையாது, பின்பக்க வில்லின் அழுத்தம் மட்டும்தான் பிடித்துவைக்கிறது. நுனியால் குத்தி அழுத்தினால் விரல்மேலேயே மடங்கும். முதுகுளத்தூர் போய்விட்டு ராத்திரி திரும்பும்போது பைக் கிளட்ச் வயரின் நுனிக் குண்டு கழன்றுவிட்டது. பிளேயரால் வயரை இழுத்துப் பிடித்து, லீவர் பக்கம் ஒரு முடிச்சுப் போட்டு முறுக்கி, வீடு வந்து சேர்ந்தேன். அன்று சட்டைப் பையில் இருந்த முள்வாங்கியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க முடியும்?

ஆனால் ஸ்பேனர் வேலைக்கு இதைப் பயன்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பேனல் கிளாம்பின் எட்டு எம்எம் போல்ட்டுக்கு 13ஆம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். மல்டிடூல் பிளேயரால் திருகினால் நட்டின் முனை மழுங்கும், அடுத்து வருகிறவன் உங்களைத் திட்டிக்கொண்டே அறுத்து எடுப்பான்.

கரண்டு வேலைக்கும் கூடாது. கைப்பிடி முழுக்க வெறும் இரும்பு, இன்சுலேஷன் கிடையாது. அதிலும் சோலார் பேனல் வெயில் இருக்கும்வரை உயிரோடுதான் இருக்கும், சுவிட்ச் போட்டு அணைக்க முடியாது. வரிசையாக இணைத்த பேனலில் பல நூறு வோல்ட் டிசி ஓடும். பிளஸ், மைனஸ் வயர் இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டப் போனால் கட்டரின் வாயில் பொறி பறந்து பள்ளம் விழும், அது உங்கள் கையோடு போகாவிட்டால் அதிர்ஷ்டம். லெதர்மேன் கம்பெனி 2018ல் கொண்டுவந்த வேவ் பிளஸ் மல்டிடூலில் வயர் கட்டர் பகுதியை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். கட்டர் தேய்ந்தால் முழுக் கருவியும் வீணாகிற பிரச்சினைக்கு அது நல்ல தீர்வு. என்னிடம் இருப்பது அது இல்லை, வேறு கம்பெனி. ஆனால் எடை கிட்டத்தட்ட அதேதான்: வேவ் பிளஸ் 241 கிராம். நாலு ஸ்பார்ட்டன். வேட்டி கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகும்போது அதை எங்கே வைப்பீர்கள்?

இந்த மல்டிடூல் பிறந்த கதையே ஒரு எரிச்சலில் தொடங்கியதுதான். அமெரிக்கர் டிம் லெதர்மேன் 1975ல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது, தங்கிய ஹோட்டல்களின் தண்ணீர்க் குழாயும் அப்படியே. பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது, பிளேயர் இல்லை. அந்தக் கடுப்பில் கத்திக்குள் பிளேயரை வைக்கக் கிளம்பியவரின் முதல் கருவி கடைக்கு வர 1983 ஆகிவிட்டது. சுவிஸ் கத்தியின் பிறப்பு வேறு. விக்டோரினாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்சனர் 1891ல் சுவிஸ் ராணுவச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது, துப்பாக்கியைப் பிரிக்கத் திருப்புளியும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க ஒரு கொக்கியும் வைத்த கத்தி. 1897ல் வந்த அதிகாரிகள் கத்தியில்தான் கார்க் திருகி சேர்ந்தது. கத்தி இருந்த லெதர்மேனுக்கு பிளேயர் இல்லாத கோபம். எனக்கு பிளேயர் இருந்தும் முள்வாங்கி இல்லாத கோபம். அவர் கம்பெனியே தொடங்கிவிட்டார், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கார்க் திருகியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பார்ட்டனை வாங்கும்போது ஒயின் குடிக்காத ஊரில் இது எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், அதற்குப் பதில் நட்சத்திரத் திருப்புளி இருக்கும் டிங்கரை வாங்கச் சொல்வார்கள். நனைந்து இறுகிய கயிற்று முடிச்சை அவிழ்க்க அந்தத் திருகியைப் போல ஒன்று இல்லை. போர்வெல் மோட்டாரை இறக்கிய நைலான் கயிற்றை அவிழ்த்துப் பாருங்கள், புரியும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு அந்தச் சுருளுக்குள்ளேயே திருகி வைக்கிற குட்டித் திருப்புளி ஒன்றும் தனியாகக் கிடைக்கிறது. மூக்குக் கண்ணாடி திருகுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்.

யோசித்தால் இரண்டுக்கும் வேலைப் பிரிவினை தானாகவே அமைந்துவிட்டது. மல்டிடூல் இரும்புக்கும் வயருக்கும். சின்னக் கத்தி என் உடம்புக்கு: முள், பல்லிடுக்கு, நகம், சாப்பாடு. வேலைக்குப் பயன்படுகிற கத்தியில் கிரீஸும் இன்சுலேஷன் டேப்பின் பசையும் எப்போதும் ஒட்டியிருக்கும். அதில் மாங்காய் நறுக்கினால் மாங்காயே எண்ணெய் வாடை அடிக்கும். பனங்கிழங்கின் தும்பு உரிக்க, கொய்யாவை நாலாக்க ஸ்பார்ட்டனைத் தவிர வேறு எதையும் எடுப்பதில்லை. எஃகு ரொம்பக் கடினமானது இல்லை, கூர் சீக்கிரம் போகும், அதே வேகத்தில் திரும்பவும் வரும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுமினுப்பு இல்லாத ஒரு சொரசொர வளையம் தெரியும், அதில் தேய்த்தாலே போதும். கடற்காற்று ஊரில் கீல் பக்கம் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். மல்டிடூலின் பெரிய கத்தியில் பூட்டு விழாமல் போனது. பூட்டு விழாத கத்தியை வைத்துக்கொண்டு சட்டத்தில் ஏற முடியாது. வாரண்டி பல ஆண்டுகளுக்கு உண்டு என்பதால் சர்வீஸுக்கு அனுப்பினேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது அனுப்பியது, பொங்கல் கரும்பு விற்றுத் தீர்ந்த பிறகு வந்தது. நடுவில் நான் எழுதிய மெயிலுக்கெல்லாம் ஒரே பதில், வார்த்தை மாறாமல். உதிரி பாகம் வரவேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். கூரியர் செலவு என் தலையில். உண்மையைச் சொன்னால், வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்கள். காசு வாங்கவில்லை, நான் கேட்காமலேயே திருப்புளியின் முனையையும் மாற்றியிருந்தார்கள். பூட்டு இப்போது புதிதைவிட நன்றாக விழுகிறது. இருந்தாலும் அந்த ஒரே பதிலை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது.

அந்த மழைக்காலம் முழுக்க பைக் பெட்டியில் ஒரு டபாரியா கட்டிங் பிளேயர், ஒரு 13ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு டெஸ்டர், சட்டைப் பையில் ஸ்பார்ட்டன், இவ்வளவோடு வேலை பார்த்தேன். ஒரு வேலையும் நிற்கவில்லை. கட்டிங் பிளேயரின் பிடி மல்டிடூலைவிடப் பலம், கைப்பிடிக்கு உறையும் உண்டு. விலையைச் சொன்னால் மல்டிடூல் வைத்திருப்பவர்கள் மனம் நோவார்கள். என்ன, வேண்டியபோதெல்லாம் சட்டத்திலிருந்து இறங்கி பைக்கிடம் நடக்க வேண்டும்.

கத்தி வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று கேட்பார்கள். ஆயுத விதிகள் 2016ன்படி உரிமப் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், அதிலும் வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கானவை தனி. இந்தக் கத்திகள் 3 அங்குலத்தையே தொடாதவை. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று இல்லை. விமானத்தில் கைப்பையில் வைத்தால் போச்சு, செக்-இன் பெட்டியில் போடுங்கள். மதுரை மீனாட்சி கோயிலில் செல்போனையே உள்ளே விடுவதில்லை, கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஊருக்குள் இன்னொரு வித்தியாசம் உண்டு. டீக்கடையில் மடக்குக் கத்தியை எடுத்தால் நாலு பேர் முகத்தைப் பார்ப்பார்கள். மல்டிடூலை எடுத்தால், "அண்ணே, அப்படியே இந்த ஃபேன் ரெகுலேட்டரையும் பாத்துருங்க" என்பார்கள். எது தொல்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

என் சித்தப்பா மகன் தூத்துக்குடி பக்கம் ஒரு சோலார் பிளாண்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். முதல் சம்பளம் வந்ததும் இரண்டு படம் அனுப்பி, விலை இறங்கியிருக்கிறது, "ரெண்டுல எதுண்ணே?" என்று கேட்டான். என் மல்டிடூல் சர்வீஸிலிருந்து திரும்பி வந்த அதே வாரம். மேலே நான் எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் சட்டத்தில் ஏறுகிற அவனுக்கு மல்டிடூல்தான் என்று வரும். ஒரு கையில் திறக்கும், பூட்டு விழும், பிளேயர் இருக்கும். நான் அவனுக்கு எழுதியது: மல்டிடூல் வேண்டாம்டா. ஸ்பார்ட்டன் ஒன்று வாங்கு, டபாரியா ஒன்று வாங்கு, மிச்சக் காசை சித்தியிடம் கொடு.

"அப்போ உங்க டூல் சும்மாதானேண்ணே கெடக்கும், எனக்குத் தந்துருங்க" என்று பதில் போட்டிருக்கிறான். தர மாட்டேன்.