வட சென்னைக்கு எந்தக் கூட்டு உதவும்? தொலைநோக்கு ஆய்வில் நான்கு வழிகள்

இருபது, முப்பது வருஷம் கழித்து நாடு எப்படி இருக்கும், அதற்கு இன்றைக்கே எந்த ஆராய்ச்சியில் பணம் போட வேண்டும், எதைக் கட்டக் கூடாது என்று முறையாக உட்கார்ந்து யோசிப்பதற்குப் பெயர்தான் தொலைநோக்கு ஆய்வு. அறிவியல் கொள்கை வகுக்கிற பல நாடுகள் இதை வேறு நாடுகளோடு சேர்ந்து செய்து பார்த்திருக்கின்றன, ஆனால் சேர்கிற விதம் ஒன்றுபோல இல்லை. நான்கு விதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நம்ம வட சென்னைக்கு எது உதவும் என்ற ஒரே கேள்வியோடு பார்ப்பதால் நான்குக்கும் சமமாக இடம் கொடுக்கப் போவதில்லை.

ஏன் வட சென்னை? எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓட ஆரம்பித்தது 1970இல், நிலையத்தை மூடியது 2017இல். அதைக் கட்ட முடிவெடுத்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் அதன் சாம்பல் தூசியோடு வளர்ந்து ஆளானார்கள். 2001இல் செயல்பட ஆரம்பித்த எண்ணூர் துறைமுகமும் முதலில் வட சென்னை அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் வந்தது. 2070க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, அதாவது காற்றில் விடுகிற கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சுகிறதும் சமமாக வேண்டும் என்று 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்துவிட்டது, அப்படியென்றால் கொசஸ்தலை ஆற்றோரம் இன்று எழுப்புகிற எந்த அனல் உலையும் எண்ணூர் நிலையத்தைப் போல நீண்ட நாள் ஓடினால் அந்தக் கெடுவை நெருங்கிவிடும். முன்கூட்டியே யோசிக்காமல் விட்டால் அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் காட்டுக்குப்பத்திலும் இருக்கிறவர்கள்தான்.

முதலில் ஜப்பான் – ஜெர்மனி வழி. ஜப்பான் 1971லிருந்து சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை டெல்ஃபி முறையில் பெரிய கணிப்பு நடத்துகிறது. நூற்றுக்கணக்கான தொழில்நுட்பங்களை எழுதி, இது எப்போது கைக்கு வரும், எவ்வளவு முக்கியம், எது தடையாக நிற்கிறது என்று நிபுணர்களிடம் கேட்பார்கள், பிறகு எல்லோருடைய பதிலையும் தொகுத்துக் காட்டிவிட்டு அதே ஆட்களிடம் மறுபடியும் கேட்பார்கள். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் ஆரம்பத்தில் ஜப்பானின் ஐந்தாவது கணிப்பின் கேள்விகளை அப்படியே வாங்கித் தன் நாட்டு நிபுணர்களிடம் கேட்டது, முடிவு 1993இல் வெளிவந்தது. இரண்டு நாட்டுப் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது, அதுதான் இந்தக் கூட்டின் பெரிய பலம். ஆனால் கேள்விகள் இன்னொரு நாட்டின் கவலையிலிருந்து பிறந்தவை என்ற சங்கடமும் அப்போதே இருந்தது. 1998இல் வந்த தங்களுடைய இரண்டாவது கணிப்புக்கு ஜெர்மானியர்கள் சொந்தக் கேள்விகளையும் எழுதிக்கொண்டார்கள். எந்த ஆய்வகத்துக்கு எவ்வளவு பணம் என்று தீர்மானிக்க இந்த வழி நல்லது. ஒரு ஆற்றின் முகத்துவாரத்தைப் பற்றி இதில் கேட்கவே இடம் கிடையாது.

இரண்டாவது வழி, எல்லோருக்கும் பொதுவான ஒரு நிறுவனத்தில் உறுப்பினராவது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் லாக்ஸன்பர்க்கில் இருக்கும் ஐயாசா (IIASA) என்ற பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனம் 1972இல் தொடங்கியது, பனிப்போர் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே அமெரிக்காவும் சோவியத் யூனியனும் சேர்ந்து உட்கார்ந்த இடம் அது. இந்தியா 2007இல் அதில் சேர்ந்தது, அப்போது நம் சார்பில் உறுப்பினரானது டைஃபாக் (TIFAC) என்ற மத்திய அரசின் தொழில்நுட்ப முன்கணிப்பு அமைப்பு. 1988இல் வந்த அமைப்பு, அப்துல் கலாம் தலைமையில் 1996இல் 2020ஆம் ஆண்டுக்கான தொழில்நுட்பத் தொலைநோக்கை வெளியிட்டதும் இதுதான். ஐயாசாவின் காற்று மாசுக் கணினி மாதிரி, எந்த மூலத்திலிருந்து எவ்வளவு புகை வருகிறது, அதைக் குறைக்க எவ்வளவு செலவாகும், குறைத்தால் எவ்வளவு பலன் என்று மூன்றையும் சேர்த்தே கணக்குப் போடும். ஐரோப்பிய நாடுகள் 1994இல் ஆஸ்லோவில் கந்தக உமிழ்வு ஒப்பந்தம் போட்டபோது அந்த மாதிரியின் முந்தைய வடிவத்தை வைத்துத்தான் பேரம் நடந்தது. மணலிக் காற்றைப் பற்றிப் பேச இப்படி ஒரு கணக்கு நம் கையில் இருந்தால் "வளர்ச்சி வேண்டாமா" என்ற ஒரே கேள்வியில் வாயடைத்துப் போக வேண்டியதில்லை. குறை என்னவென்றால், நாட்டு அளவிலும் மாநில அளவிலும் பார்க்கச் செய்த கருவி அது, எர்ணாவூரின் தெருக்கள் அதன் கண்ணில் படாது.

மூன்றாவது, பாங்காக்கில் 1998இல் ஏபெக் (ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பு) நாடுகளுக்காகத் தொடங்கிய தொழில்நுட்பத் தொலைநோக்கு மையம். பெருநகரங்களின் சுகாதார எதிர்காலம், தண்ணீர் மேலாண்மை என்று நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் விஷயங்களைத் தொட்டார்கள், ஊரும் வெயிலும் மழையும்கூட நம்மைப் போலத்தான். ஆனால் ஏபெக்கில் இந்தியா உறுப்பினர் இல்லை. கற்றுக்கொள்ளலாம், அதன்மேல் திட்டம் போட முடியாது.

நான்காவதுதான் என் மனதுக்குப் பிடித்தது, பிரிட்டன் – சீனா வழி. பிரிட்டன் 1994இல் இந்த வேலையைத் துறை துறையாக நிபுணர் குழு போட்டு ஆரம்பித்தது, 2002 வாக்கில் அதை மாற்றி ஒரு நேரத்தில் ஒரு பிரச்சினை என்று எடுக்க ஆரம்பித்தார்கள். அப்படி வந்ததுதான் 2004இல் வெளியான வெள்ள எதிர்கால ஆய்வு. 2080கள் வரை பார்த்தார்கள், வானிலை மட்டும் இல்லை, சமூகம் எப்படி வாழப்போகிறது என்பதற்கும் நான்கு விதமான எதிர்காலம் வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1 பில்லியன் பவுண்டாக இருந்த வெள்ளச் சேதம், தடுப்புக் கொள்கை மாறாமல் அப்படியே இருந்தால், ஒரு எதிர்காலத்தில் கொஞ்சம்தான் ஏறியது, இன்னொன்றில் 20 மடங்கு வரை போனது. அதாவது எவ்வளவு மழை பெய்கிறது என்பதோடு, தாழ்ந்த நிலத்தில் எதைக் கட்ட அனுமதிக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் சேதத்தை முடிவு செய்கிறது. இன்னொன்று, ஆய்வு நடக்கும்போதே சுற்றுச்சூழல் துறை அமைச்சர் அதில் பொறுப்பாளராக இருந்தார், அதனால் அறிக்கையை அடுத்து எடுத்து நடத்த அரசுக்குள் ஒரு ஆள் முன்பே இருந்தார்.

அதற்கப்புறம் சீன விஞ்ஞானிகள் பிரிட்டன் குழுவோடு சேர்ந்து அதே முறையை ஷாங்காய் இருக்கும் தாய்ஹு ஏரிப் படுகையில் பயன்படுத்தினார்கள். அந்தச் சமவெளி முழுக்கக் கால்வாயும் கரை கட்டிய தாழ்நிலமும்தான், அதனால் யோசிக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு வெள்ளக் கணக்கை அந்த நிலத்துக்கு ஏற்றபடி கட்டினார்கள். நம்ம பக்கத்தை நினைத்துப் பாருங்கள். கொசஸ்தலை, பக்கிங்காம் கால்வாய், கடல் மட்டத்தில் கிடக்கும் கழிவெளி, நடுவில் சாம்பல் குழாயும் துறைமுகமும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து கால்வாய் வழியாகக் கழிமுகம் வரை வந்தது. எண்ணெய் ஒரு துறை, வெள்ளம் ஒரு துறை, மீன் ஒரு துறை என்று பிரித்து வைத்திருக்கிற அலுவலகங்களில் எதனாலும் இதைத் தனியாக முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. ஒரு இடம், ஒரு பிரச்சினை, எல்லாத் துறையும் ஒரே மேசையில் என்ற பிரிட்டன் முறையில் அது முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால் என் தேர்வு நான்காவது வழி, கணக்குக்குத் துணையாக ஐயாசா. கடற்கரை ஆராய்ச்சிக்குப் பள்ளிக்கரணையிலேயே தேசிய மையம் இருக்கிறது, ஐஐடி இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது, அறிவுக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டிலிருந்து நமக்கு வேண்டியது முறையும், அங்கே எது சரிப்படவில்லை என்ற அனுபவமும்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிரிட்டனையும் சீனாவையும் நாம் தாண்டிப் போக வேண்டும். கேள்வி எழுதுகிற முதல் கூட்டத்திலேயே காட்டுக்குப்பத்து மீனவரும், சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிற இருளர் வீட்டுப் பெண்களும் உட்கார வேண்டும், அறிக்கை அச்சான பிறகு கருத்துக் கேட்பு என்று கூப்பிடுவது போதாது. 2050இல் முகத்துவாரம் எவ்வளவு ஆழம் இருக்கும் என்பது அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, அனல் நிலையங்கள் மூடும்போது சாம்பல் குளங்களை யார் பொறுப்பேற்பது என்பதும்.

டைஃபாக்கும் மாநிலத் திட்டக் குழுவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் தொடங்கலாம். ஆனால் அறிக்கைக்கு எந்தத் துறை, எத்தனை மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். என் கணக்கில் நீர்வளத் துறை, எரிசக்தித் துறை, மீன்வளத் துறை மூன்றுமே தர வேண்டும், அந்தப் பதில் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.