தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில்: வழிகாட்டி வைத்துப் பார்க்கலாமா?

வைக்கலாம், ஆனால் பேரம் பேசிவிட்டு. வாசலில் பிடித்தவர் ஐந்நூறு கேட்டார், முந்நூறுக்கு இறங்கினார்.

இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதையெல்லாம் பலகையிலேயே படித்துக்கொள்ளலாம். காசுக்கு மதிப்பு வந்தது கருவறைச் சுவரின் அடிப்பகுதியில்தான். நாயன்மார் கதைகள் அங்கே சாண் உயரம்கூட இல்லாத சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார்: அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சி. முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிறான்! தனியாகப் போயிருந்தால் நிச்சயம் கவனித்திருக்க மாட்டேன்.

ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பத்தை ஒரு பாதியைக் கையால் மறைத்து விளக்கினார். அதுவும் அருமை. தேர்போல் சக்கரமும் குதிரையும் பூட்டிய ராஜகம்பீரன் மண்டபத்தில்தான் அவசரப்பட்டார், அடுத்த ஆள் காத்திருந்தார் போல. தட்டினால் ஒலிக்கும் பலிபீடப் படிகளுக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், கேட்க முடியாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். காலையிலேயே போங்கள், பதினொரு மணிக்கு மேல் கல்தரையில் கால் வைக்க முடியாது.