ஷேக்ஸ்பியர் படிக்க எந்த அகராதி: ஷ்மிட்டா, அனியன்ஸா?

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இளவரசன் ஹாம்லெட்டை ஆவி கூப்பிடுகிறது. கூட இருப்பவர்கள் பிடித்து இழுக்கிறார்கள். என்னை 'லெட்' (let) செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று சீறுகிறான். இன்று அந்தச் சொல்லுக்கு 'விடு'. அவன் சொன்னதோ 'தடு'. நேர் எதிர்! அறியாத சொல்லாவது உஷார்ப்படுத்தும், இது தெரிந்த முகத்தோடு வந்து காலை வாரிவிடும். அதற்குத்தான் ஷேக்ஸ்பியர் சொற்களுக்கென்றே தனி அகராதிகள். தொகுத்தவர் பெயராலேயே அழைக்கப்படும் இரண்டை ஒப்பிடலாம்.

அளவு: அலெக்சாண்டர் ஷ்மிட் (1874–75) இரண்டு கனத்த தொகுதிகள். சி. டி. அனியன்ஸ் (1911) ஒரே தொகுதி, கைக்கு அடக்கம்.

சொற்கள்: ஷ்மிட் சாதாரணச் சொல்லையும் விடுவதில்லை, எந்த நாடகம், எந்தக் காட்சி, எந்த வரி என்று அடுக்குகிறார். அனியன்ஸ் வழக்கொழிந்ததையும் பொருள் மாறியதையும் முக்கியமாகப் பொறுக்குகிறார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவர், அந்தக் கை தெரிகிறது.

செலவு: பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசம். இதில் சண்டையே இல்லை.

நாடகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு அனியன்ஸ் போதும். ஒரே சொல் நாடகத்துக்கு நாடகம் எப்படி மாறுகிறது என்று துருவுபவருக்கு ஷ்மிட்தான். ஷேக்ஸ்பியர் காலத்து மற்ற நாடகாசிரியர்களான மார்லோ, பென் ஜான்சன் படிக்கப் போகிறீர்களா? சரி, இரண்டையும் மூடிவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்கே போங்கள்.