ஒற்றை டிஸ்க் வாங்கி வந்த வினை: எல்விஎம் ஸ்ட்ரைப்புடன் ஆறு வருடம்

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு சின்ன ஸ்டூடியோவின் லினக்ஸ் சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. 2019-இல் இரண்டு 4 டிபி டிஸ்க்குகளை எல்விஎம்-இல் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே வால்யூமாகத் தரும் லினக்ஸ் வசதி) ஸ்ட்ரைப் செய்து, மேலே எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைப் போட்டேன். 64 கேபி இந்த டிஸ்க்கில், அடுத்த 64 கேபி அந்த டிஸ்க்கில் என்று டேட்டா மாறி மாறி விழும். தனியாக நொடிக்கு 170 எம்பி தரும் டிஸ்க்குகள், ஜோடியாக 330 வரை தந்தன. ஒன்று செத்தால் இரண்டிலும் உள்ளது போச்சு என்பதால் தினமும் ராத்திரி வேறு பெட்டிக்கு பேக்கப் ஓடும்.

2022 தை முகூர்த்தங்களோடு இடம் தீர்ந்தது. இருந்த பட்ஜெட்டுக்கு அதே மாதிரி ஒரு டிஸ்க்தான் வாங்க முடிந்தது. புது டிஸ்க்கை எல்விஎம்-இல் சேர்க்கும் பிவிகிரியேட், விஜிஎக்ஸ்டெண்ட் கமாண்டுகள் இரண்டும் சத்தமில்லாமல் முடிந்தன. காலி இடம் பார்க்க விஜிஎஸ் அடித்தால் 3.64 டிபி (1024 கணக்கில் 4 டிபி டிஸ்க் இவ்வளவுதான்) காலி என்று காட்டுகிறது. வால்யூமை நீட்டும் எல்விஎக்ஸ்டெண்ட் அடித்தால் மட்டும், ஒதுக்கத் தகுந்த எக்ஸ்டெண்டுகள் (எல்விஎம் இடத்தைப் பிரிக்கும் துண்டுகள்) போதவில்லை என்று எரர். காலி இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு இதைப் படித்தால் எரிச்சல் வருமா வராதா?

யோசித்தால் அது சொல்வது சரிதான். வால்யூமின் கடைசி செக்மெண்டில் (ஒரே அமைப்பில் உள்ள பகுதி) இரண்டு ஸ்ட்ரைப் இருந்தால், நீட்டும்போதும் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் சம அளவு இடம் தேடும். பழைய இரண்டும் நிரம்பிவிட்டன, புதியது ஒன்றுதான்.

அங்கேதான் அவசரப்பட்டேன். ஸ்ட்ரைப் எண்ணிக்கை ஒன்று என்று '-ஐ 1' கொடுத்ததும் ஏற்றுக்கொண்டது. எக்ஸ்எஃப்எஸ்-ஸையும் க்ரோ செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து எடிட்டர் தம்பி வந்தார். "அண்ணா, ஒரு கல்யாணம் பறக்குது, இன்னொண்ணு மாட்டு வண்டி மாதிரி போகுது." கேபிள், சுவிட்ச் எல்லாம் மாற்றிப் பார்த்தோம். கடைசியில், ஒவ்வொரு செக்மெண்டின் அமைப்பையும் காட்டும் 'எல்விஎஸ் --செக்மெண்ட்ஸ்' அடித்த பிறகுதான் புரிந்தது: முதல் வரி ஸ்ட்ரைப்டு, 2, இரண்டாவது வரி லீனியர் (மாறி மாறி எழுதாமல் நேராக எழுதுவது), 1. எக்ஸ்எஃப்எஸ் புது ஃபோல்டர்களை வெவ்வேறு அலோகேஷன் குரூப்களில் (இடத்தை அது பிரித்து வைத்திருக்கும் பகுதிகள்) பரப்பி வைக்கும். புது டிஸ்க்கின் பக்கம் விழுந்த கல்யாணத்துக்கு ஒற்றை டிஸ்க் வேகம்தான்.

2023-இல் நான்காவது டிஸ்க் வந்தது. அதற்குள் வால்யூமின் கடைசியில் லீனியர் வால் ஒட்டிவிட்டதே! எக்ஸ்எஃப்எஸ்-ஸைச் சுருக்கி வாலை வெட்டவும் வழியில்லை. பிவிமூவ் கமாண்டு டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு இடம் மாற்றுமே தவிர, லீனியரை ஸ்ட்ரைப் ஆக்காது. முதலிலேயே ஜோடியாக வாங்கியிருந்தால் வால் முழுக்க இரண்டு ஸ்ட்ரைப்பாக அமைந்திருக்கும். அப்போதும் பழைய டேட்டா பழைய இரண்டு டிஸ்க்கில்தான் கிடக்கும். நான்கு டிஸ்க் வேகம் தானாக வராது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

அதனால் பேக்கப்பைச் சரிபார்த்து, வால்யூமை அழித்து, நான்கு ஸ்ட்ரைப்பாகப் புதிதாக உருவாக்கினேன். டேட்டாவைத் திருப்பி ஏற்ற ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போயிற்று. இப்போது எல்விஎஸ்-இல் ஒரே வரி. ஆனால் 14.55 டிபி-யில் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிவிட்டது. அடுத்த முறை இதே அகலத்தில் நீட்ட நான்கு டிஸ்க் வேண்டும். கேபினட்டில் மிச்சம் இருப்பது இரண்டு இடம்.